துரைசானியின் நிழல்

சாத்தூர் தாண்டித் தெற்கே போகும் பழைய சாலையில் ஊருக்குள் பாதை பிரிகிற மேலச்செவக்காட்டு விலக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. சாலையை அகலப்படுத்தியபோது அங்கிருந்த புளியமரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டு நிற்பார்கள், சூரியன் நகர நகர அந்த வரிசையும் கடிகார முள்ளைப் போல நகர்ந்துகொண்டே போகும், உச்சிப்பொழுதில் வரிசையே இல்லாமல் போய்விடும். அப்படி வரிசை கலைந்து உச்சி சாய்ந்த ஒரு சித்திரை மாதத்து வெயிலில்தான் கோயம்புத்தூர் சென்னியப்பனின் பழைய கார் அங்கே வந்து, இரண்டு முறை தும்மி, பானட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவியைக் கக்கி, நின்றது.

சென்னியப்பன் பம்புசெட் தொழிற்சாலை வைத்திருப்பவர். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் கொட்டகையில் கோழிகள் அடைந்து கிடந்த அந்தக் காரை வாங்கி வந்து, வருஷக்கணக்காக நட்டு நட்டாகக் கழற்றிச் சேர்த்து, பாலாடை நிறத்தில் பெயிண்ட் அடித்து, துரைசானி என்று பெயரும் வைத்தார். தென்னகப் பழங்கார் கழகம் நடத்தும் எந்த ராலியானாலும் துரைசானி இல்லாமல் இருக்காது. ஓட்டுவது சென்னியப்பன், பக்கத்தில் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு வழியும் நேரமும் சொல்வது அவர் மனைவி சாந்தாமணி. "நம்ம துரைசானி இதுவரைக்கும் வழியில நின்னதே இல்லீங்க" என்று கழகத்துக் கூட்டங்களில் அவர் சொல்லும்போதெல்லாம் சாந்தாமணி காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். ஏற்காட்டு ஏற்றத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றபோது முந்தானையை நனைத்து அந்தக் குழாயில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். திண்டிவனத்தில் ஃபேன் பெல்ட் அறுந்தபோது, பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றுக்கும் கையசைத்து, "காத்தாட நிக்கறமுங்க" என்று சிரித்ததும் அவர்தான். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வண்டி வழியில் நிற்பதில் அவமானம் இல்லை. நின்றது வெளியே தெரிவதில்தான் இருக்கிறது.

அந்த ராலி சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு. புதிய நெடுஞ்சாலையைத் தொடாமல் பழைய சாலைகளிலேயே வர வேண்டும், வேகமாக வருகிறவருக்குப் பரிசு இல்லை, வழியிலுள்ள ஒவ்வொரு செக்போஸ்ட்டையும் குறித்த நேரத்தில், முந்தாமல் பிந்தாமல், யார் உதவியும் இல்லாமல் தாண்டுகிற வண்டிக்குத்தான் பரிசு. சாத்தூர் வரைக்கும் துரைசானி ஒரு நொடி பிசகவில்லை. சென்னியப்பன் இறங்கிப் பானட்டைத் தூக்கி, ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். கம்பியின் நுனியில் ஆயில் பால் ஊற்றிய டீயின் நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கட் போய், தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. வழியில் நின்று சரிபார்க்கிற கோளாறு இல்லை அது. அவர் கம்பியைத் துடைத்து மறுபடி செருகினார். மறுபடி உருவிப் பார்த்தார்.

அதற்குள் பக்கத்துக் களத்தில் மிளகாய் வத்தல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து காரின் நிழலில் உட்கார்ந்தார்கள். சாலையில் ஒரு நிழல் வந்து நின்றால் அதில் போய் உட்காருவது அந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்டுச் செய்கிற காரியம் இல்லை. அவர்களோடு வேலுத்தாய் என்ற பெண்ணும் கைக்குழந்தையோடு வந்து, பின்கதவில் முதுகைச் சாய்த்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

சென்னியப்பன் பானட்டின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, எந்திரிங்க, எந்திரிங்க. கதவுல சாயாதீங்க, பெயிண்டு போயிரும்."

"செத்த நேரம்யா. பிள்ளைக்கு மேலு சுடுது, ஆஸ்பத்திரிக்குப் போறேன். பஸ்ஸு வந்ததும் போயிருவேன்" என்றாள் வேலுத்தாய்.

"அதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதா? எல்லாரும் தள்ளிப் போயி உக்காருங்க."

"தள்ளிப் போயி எங்கனய்யா உக்கார?"

அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை. நாலு பக்கமும் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, ஓர் இடம் இருக்கிறது, இவர் வெளியூர்க்காரராக இருந்தும் அதைக் கண்டுவிட்டார், காட்டுவார் என்பது போலத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, உக்காரட்டும் உடுங்க" என்றார் சாந்தாமணி, காருக்குள்ளிருந்து மெதுவாக.

சென்னியப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. பெண்கள் எழுந்தார்கள். வேலுத்தாயும் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து வெயிலில் போய் நின்றாள். அவர் டிக்கியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து வந்து, அவள் முதுகு பட்டிருந்த இடத்தை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வட்டம் வட்டமாகத் துடைத்தார்.

துடைத்து முடித்து நிமிர்ந்தபோது நிழல் கிளம்பிவிட்டது.

முதலில் பின்சக்கரத்தடியில், ஈரச்சேலையைத் துவைகல்லிலிருந்து உரிப்பதுபோலப் பிரிந்தது, பிறகு முன்சக்கரத்தடியில் பிரிந்தது, பிரிந்து சாலைக்கு ஏறி, இடது ஓரமாக ஒதுங்கி, பானட்டும் கூரையும் பின்புறத்து வளைவும் கண்ணாடிக் காதுகளும் தெளிவாகத் தெரிய, சாந்தாமணி மடியில் குறித்து வைத்திருந்த அதே வேகத்தில், முந்தாமல் பிந்தாமல், தெற்கே போனது. எதிரே வந்த ஆடுகள் விலகி வழி விட்டன. பின்னால் வந்த லாரி ஒன்று ஹாரன் அடித்துச் சுற்றிக்கொண்டு போனது.

"நிழலு போவுது" என்றாள் ஒருத்தி.

"கோவில்பட்டிப் பக்கமாத்தான் போவுது."

"போனாப் போவட்டும், சாலையில இன்னிக்குப் போக்குவரத்துக் கொறச்சல்தான்" என்றாள் மூன்றாவது பெண். அதற்குள் பஸ் வந்ததால் வேலுத்தாய் குழந்தையோடு ஏறிப் போய்விட்டாள்.

துரைசானி சாலையோரத்தில் நிழல் இல்லாமல் நின்றது. அடியில்கூட இருட்டு இல்லை, சக்கரங்களுக்கு நடுவே கிடந்த கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் வெயிலில் மினுங்கின.

செய்தி ஊருக்குள் போய், பஞ்சாயத்துத் தலைவி சீனியம்மாள் மொபெட்டில் வந்து இறங்கினாள். நிழல் ஏன் போனது என்று அவள் கேட்கவில்லை, வந்திருந்த யாருமே கேட்கவில்லை. நிழல் இல்லாத ஒன்றை வெயிலில் நிறுத்தி வைக்கலாமா கூடாதா என்பதுதான் அங்கே பேச்சாக இருந்தது. தோலில்லாமல் பிறந்த கன்றுக்குட்டி ஒன்றைத் தன் மாமனார் வைக்கோலுக்குள் வைத்துக் காப்பாற்றினார் என்றார் டீக்கடைக்காரர். இரும்புக்கு அதெல்லாம் வேண்டியதில்லை என்றார் ஒருவர், இரும்பென்றால் சூடு தெரியாதா என்று களத்துப் பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் சீனியம்மாள், "நம்ம எல்லையில வந்து நின்னுட்டது. நின்னதை வெயில்ல விட்டா ஊருக்குத்தான் கேவலம்" என்று சொல்லவும், அம்மன் கோயில் பொங்கலுக்காக வைத்திருந்த மூங்கில்களும் தென்னந்தட்டிகளும் ஒரு டிராக்டரில் வந்து சேர்ந்தன. சற்று முன்பு சென்னியப்பன் எழுப்பிவிட்ட பெண்கள்தான் காரைச் சுற்றி மூங்கில் நட்டுப் பந்தல் போட்டார்கள். தட்டியைத் தூக்கி ஏற்றும்போது, "பெயிண்டு, பெயிண்டு, பைய" என்று ஒருத்திக்கொருத்தி எச்சரித்துக்கொண்டார்கள். குத்திக்காட்டுகிறார்களோ என்று சென்னியப்பன் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு முகத்திலும் அது இல்லை. நிஜமாகவே பெயிண்டைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். அவருக்குக் காது மடலெல்லாம் சூடாகி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், ஆறிப்போன ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் போன் அடித்தது. கழகத்தின் செயலாளர் வரதராஜுலு.

"சென்னி, பிரமாதம்யா! கயத்தாறு செக்போஸ்ட்டை நொடி பிசகாமத் தாண்டிட்டியாமே. பையன்க இப்பத்தான் சொன்னாங்க. கண்ணு கூசுற வெயில், வண்டி சரியாத் தெரியல, ஆனா நிழல் அச்சு மாதிரி இருந்துச்சு, துரைசானிதான்னு சொன்னாங்க. இப்பிடியே போ, கோப்பை உனக்குத்தான்."

சென்னியப்பன் பந்தலைப் பார்த்தார். அதன் கீழே நிற்கும் காரைப் பார்த்தார். சொல்வதற்கு இரண்டே வார்த்தைதான் இருந்தது, நாக்கு அதற்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பியது.

"சரிங்க" என்றார்.

சாந்தாமணிக்கு அது கேட்டது.  மடியில் இருந்த வரைபடத்தை மடித்து, டேஷ்போர்டில் வைத்து, கதவைத் திறந்து இறங்கிப் போய்க் களத்துப் பெண்களோடு உட்கார்ந்து வத்தல் பொறுக்க ஆரம்பித்தார்.

நாங்குநேரி செக்போஸ்ட்டிலும் நிழல் நேரத்தோடு தாண்டியது. அங்கே இருந்தவர்கள் கொஞ்சம் யோசித்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். வண்டி இல்லாமல் நிழல் விழுமா, விழாது, எனவே வண்டி வந்திருக்கிறது, எனவே குறித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்களாம். அன்று பொழுது சாய்வதற்குள் துரைசானியின் நிழல் கன்னியாகுமரியில் ராலி முடிகிற வெள்ளைக் கோட்டைத் தாண்டி, கொடிகளுக்குக் கீழே, தனக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் பரிசளிப்பு. சீனியம்மாளின் வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சென்னியப்பன் மெதுவாகச் சொன்னார்.

"கெளம்பு சாந்தா. டாக்ஸி சொல்லியிருக்கேன்."

"நீங்க போயிட்டு வாங்க."

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் குடுக்கறாங்க."

"நான் நேத்து மத்தியானத்துல இருந்து இங்கதானுங்க இருக்கேன். இங்க இருக்கறவ அங்க எப்பிடி வாங்கறது?"

"இப்ப சொன்னா மானம் போயிரும் சாந்தா."

சாந்தாமணி வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "யாருக்குத் தெரியாதுன்னு நெனைக்கறீங்க? இந்த ஊருக்கே தெரியும்."

"இந்த ஊரு யாருகிட்டப் போயிச் சொல்லப்போகுது?" என்று சென்னியப்பன் சொல்லிவிட்டார். சொல்லி முடிப்பதற்குள்ளேயே, உள்ளே அடுப்பில் அவருக்காகத் தோசை ஊற்றிக்கொண்டிருந்த சீனியம்மாளுக்குக் கேட்டிருக்கும் என்று தெரிந்தது. தோசைக்கல்லின் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி கேட்டது. தோசை வந்தது. தொட்டுக்கொள்ள எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியும் வந்தது. "நல்லாச் சாப்பிடுங்கண்ணே, தூரப் பயணம்" என்றாள் சீனியம்மாள். அவர் தின்றார்.

கன்னியாகுமரியில் எல்லாரும் நிழலைச் சுற்றித்தான் நின்றார்கள். பழங்கார்க்காரர்கள் குனிந்தும் உட்கார்ந்தும் பார்த்தார்கள். "ஒரு சொட்டு ஆயில் ஒழுகல பாருங்க" என்றார் ஒருவர். "இஞ்சின் சத்தமே கேக்கலைன்னு வழியெல்லாம் பேச்சு" என்றார் இன்னொருவர். காரை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கேள்வி தன்னிடமே திரும்பி வரும் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே வழியில் நிற்காத வண்டி என்று ஒன்றும் இல்லை, நின்றதைச் சொன்ன ஆள்தான் ஒரே ஒருவர். அது புதுச்சேரியிலிருந்து வந்த டாக்டர் பிலோமினா. அவருடைய கார் விழுப்புரத்தில் நின்றது, துவரங்குறிச்சியில் நின்றது, விருதுநகருக்கு வெளியே நின்றது, ஒவ்வொரு முறையும் அவரே போன் செய்து, இந்த இடத்தில் நின்றுவிட்டது, இன்ன காரணம் என்று சொல்லி, அதற்கான மதிப்பெண்ணை இழந்துவிட்டு, கிரீஸ் படிந்த கையோடு வந்து சேர்ந்திருந்தார். அப்படியும் அவருக்கு இரண்டாம் இடம்.

நம்பகமான வண்டிக்கான கோப்பை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சென்னியப்பன் மேடையேறி வாங்கினார். பேசச் சொன்னபோது, "துரைசானிக்குத்தான் நன்றி சொல்லோணும்" என்று மட்டும் சொன்னார், கை தட்டினார்கள். கீழே இறங்கியதும் பிலோமினா வந்து கை கொடுத்தார். "நானும் கத்துக்கணும் சார், எப்படி நிக்காம ஓட்றதுன்னு" என்றார். அந்தக் கையிலிருந்த கிரீஸ் சென்னியப்பனின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. டாக்ஸியில் திரும்பும்போது எத்தனை துடைத்தும் போகவில்லை.

விலக்கில் டாக்ஸி நின்றபோது மேளம் அடித்தது. ஊரே வந்திருந்தது. சீனியம்மாள் மாலை போட்டாள், டீக்கடைக்காரர் எல்லாருக்கும் சும்மா டீ கொடுத்துக்கொண்டிருந்தார், பந்தலுக்கு வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். "எங்க ஊர்ல கிளம்பின நிழலு ஜெயிச்சுட்டது" என்று வருகிற பஸ்ஸுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் மாலையும் கோப்பையுமாக நடுவில் நின்றார். சாந்தாமணி தூரத்தில் வத்தல் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வேலுத்தாயும் வந்திருந்தாள், குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, காய்ச்சல் விட்டிருந்தது.

சீனியம்மாள் டாக்ஸிக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு அதன் பின்பக்கம் போய்த் தரையைப் பார்த்தாள்.

"அண்ணே, நிழலு எங்க?"

"அங்கதான்... இருக்குது."

"அங்கன்னா?"

"கன்னியாகுமரியில."

மேளக்காரர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள்.

"ஒத்தையில விட்டுட்டா வந்தீக?" என்று கேட்டாள் சீனியம்மாள். குரலில் கோபம் இல்லை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் மறந்துவிட்டு வந்த தகப்பனிடம் கேட்கிற குரலில்தான் கேட்டாள். "அம்புட்டுத் தூரம் உங்களுக்காக ஓடினதை?"

சென்னியப்பனுக்கு அது தோன்றவே இல்லை. பரிசு வாங்கி, கை குலுக்கி, டாக்ஸி ஏறி, அத்தனை மைல் வந்த வழியில் ஓரிடத்தில்கூட அதைக் கூட்டி வரவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மாலையின் ஈரம் சட்டைக்குள் இறங்கியது. கூட்டம் அவரைத் திட்டியிருந்தால் அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். யாரும் திட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தரையைப் பார்த்தார்கள், அவருக்காக அவர்கள் வெட்கப்பட்டார்கள், அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அங்கேயே நின்று போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டு வரதராஜுலுவைக் கூப்பிட்டார்.

"வரதண்ணா, வண்டி நின்னுபோச்சுங்க. நேத்தே. ஹெட் கேஸ்கட் போயிருச்சு. சாத்தூருக்கு இந்தப் பக்கம் நின்னவன் அதுக்கப்புறம் ஒரு அடி ஓட்டல. அங்க வந்தது நெழலு மட்டுந்தான். கோப்பையைத் திருப்பிக் குடுத்தர்றேன்."



"ஏன்யா இப்ப இதெல்லாம்? திருப்பி வாங்கினா ஏன் வாங்கினோம்னு எழுதணும். செக்போஸ்ட்ல இருந்த பையன்களைக் கேக்கணும். எல்லாருக்கும் அசிங்கம். பேசாம வெச்சுக்க" என்று வரதராஜுலு போனை வைத்துவிட்டார். அடுத்த ராலியிலிருந்து வண்டியும் அதன் நிழலும் சேர்ந்தே கோட்டைத் தாண்ட வேண்டும் என்று கழகத்தின் விதிகளில் ஒரு வரி மட்டும் புதிதாக ஏறியது.

சென்னியப்பன் மாலையைக் கழற்றிப் பந்தல் மூங்கிலில் மாட்டினார். டாக்ஸிக்காரரிடம் மறுபடி தெற்கே போகச் சொன்னார். சாந்தாமணி அருகில் வந்து ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் கொடுத்தார், பேசவில்லை.

நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டாக்டர் பிலோமினா தன் காருக்கு அடியில் படுத்திருப்பது டாக்ஸியிலிருந்தே தெரிந்தது. சென்னியப்பன் குனிந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். மஞ்சள் துணியைப் பற்றியும் சொன்னார். கோப்பையைத் தரையில் வைத்தார். பிலோமினா வெளியே வந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கோப்பையைப் பார்த்தார்.

"நேத்து போன்லயே சொல்லியிருந்தா இதைச் சந்தோஷமா வாங்கியிருப்பேன் சார். மேடையில வெச்சுச் சொல்லியிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். இப்ப வாங்கினா உங்க பாரத்தை நான் தூக்கிட்டுப் போற மாதிரி. எனக்கு என் வண்டியைத் தள்றதுக்கே பலம் பத்தல."

"நான் இதை வெச்சுட்டு என்னங்க பண்ணறது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் மறுபடி காருக்கு அடியில் போய்விட்டார்.

கன்னியாகுமரியில் கொடிகளையும் மேடையையும் பிரித்துவிட்டிருந்தார்கள். நிழல் அதே இடத்தில் கிடந்தது. சங்கு மாலை விற்கும் பெண் ஒருத்தி, கூடையோடு அதில் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். சென்னியப்பன் முன்னால் போய் நின்றார். நாலு பேர் நடக்கிற இடத்தில் ஒரு நிழலோடு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. "போலாங்களா?" என்றார். நிழல் அசையவில்லை. சங்கு மாலைக்காரி தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "வித்து முடிச்சுட்டுத்தான்" என்றாள். அவள் விற்று முடிக்கும்வரை வெயிலில் நின்றார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்த பிறகு நிழல் மெல்லப் புரண்டு வடக்கே திரும்பியது.

டாக்ஸியில் அது ஏறவில்லை, டாக்ஸிக்குப் பின்னாலும் வரவில்லை. நடந்தால்தான் வந்தது. எனவே அவர் டாக்ஸியை அனுப்பிவிட்டு, கோப்பையைத் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முதல் நாளே தெரிந்துவிட்டது, அதை அவர் கூட்டிப் போகவில்லை, அவர்தான் அதன் பின்னால் போகிறார் என்று. சாலையில் யாராவது வெயிலில் நின்றால் நிழல் நின்றுவிடும். ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் வண்டிக்குக் காத்திருந்த கட்டடத் தொழிலாளிகளுக்காக நின்றது. வள்ளியூரில் ஒரு போக்குவரத்துக் காவலர் பணி மாறிப் போகும் வரைக்கும் நின்றது. நாங்குநேரிக்கு அப்பால் கண்மாய் வெட்டிக்கொண்டிருந்த நூறுநாள் வேலைக்காரப் பெண்களுக்காக ஒரு பகல் முழுக்கக் கிடந்தது, அவர்கள் முறை வைத்து வந்து படுத்து எழுந்தார்கள். அவர் பக்கத்தில் நின்றார். ஒருமுறை கால் கடுத்துப்போய் அதன் ஓரத்தில் உட்காரப் பார்த்தார், நிழல் தன் விளிம்பைச் சுருக்கி ஒரு முழம் தள்ளிப்போனது. அவர் எழுந்துவிட்டார். பிறகு உட்காரப் பார்க்கவில்லை. இருட்டினால் அது எங்கே இருக்கிறதென்று தெரியாது, ஏதாவது கடை வாசலில் தலையைச் சாய்ப்பார், விடிந்ததும் அது விட்ட இடத்திலேயே கிடக்கும்.

"எதோட நிழலுய்யா இது?" என்று கேட்பார்கள்.

"காரோடதுங்க."

"காரு?"

"சாத்தூர்கிட்ட நின்னுபோச்சுங்க."

"சரியாப் போயிரும், பழைய வண்டின்னா அப்பிடித்தான்" என்று ஆறுதல் சொல்வார்கள். பிறகு, "நீங்க ஏன் வெயில்ல நிக்கீக? உள்ள வாங்க, எடம் கிடக்கே" என்பார்கள்.

"அது என்னைய உடாதுங்க" என்பார் அவர். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அவர் முகத்தை ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு ஒதுங்கி உட்கார்ந்து வேறு பேச்சுப் பேசுவார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நடக்க நடக்க, சொல்வதற்கு ஆள் கிடைக்காதது பெரிய பாரமாக இருந்தது.

கார் போனால் அரைப் பகலில் தீருகிற தூரம், சித்திரை போய் வைகாசியும் தேய்ந்த பிறகுதான் தீர்ந்தது. மேலச்செவக்காட்டு விலக்கில் நிழல் முன்னாலும் தாடியோடு சென்னியப்பன் பின்னாலுமாக வந்து சேர்ந்தபோது, சாந்தாமணி எழுந்து நின்றார். நிழல் பந்தலுக்கு அருகே போய், துரைசானியை ஒருமுறை சுற்றியது, சக்கரங்களுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தயங்கியது, பிறகு சாலையைக் கடந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் காலடியில் போய் விரிந்து படுத்தது. விரிந்தபோது முன்பைவிடப் பெரிதாக இருந்ததாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

"நாங்க கேக்கலண்ணே" என்றாள் சீனியம்மாள், சங்கடத்தோடு. "உங்க பொருளு."

"என்றது இல்லீங்க அது. இனி இல்ல" என்றார் சென்னியப்பன்.

சாந்தாமணி அவர் முகத்தைப் பார்த்தார். "தோலெல்லாம் உரிஞ்சு கெடக்குது" என்றார். கோப்பை வாங்க அவர் கிளம்பிய அந்தக் காலைக்குப் பிறகு அவரிடம் சாந்தாமணி பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஹெட் கேஸ்கட்டை மாற்றி, ஆயிலைக் கொட்டிப் புதிது ஊற்றியதும் துரைசானி முதல் திருகலில் கிளம்பியது. நிழல் இல்லாமல் கோயம்புத்தூர் வரைக்கும் எங்கும் நிற்காமல் ஓடியது. தாண்டிப் போகிற பஸ்களில் ஜன்னலோரம் இருந்தவர்கள் தரையைப் பார்த்துவிட்டு அவர்களைப் பார்த்தார்கள். கோப்பை பின்சீட்டில் உருண்டுகொண்டே வந்தது, இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. சென்னியப்பனைக் கழகத்துக் கூட்டங்களுக்கு இப்போது கூப்பிடுவதில்லை. போகிற வருகிற இடங்களில், "வண்டிக்கு ஏனுங்க நெழல் விழுகறதில்ல?" என்று கேட்கிறவர்களிடம் முழுக் கதையையும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார், பாதியிலேயே அவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அடுத்த கோடையில் சாந்தாமணியும் அவரும் பஸ்ஸில் மேலச்செவக்காட்டுக்குப் போனார்கள். சீனியம்மாளின் மகளுக்குக் கல்யாணம். விலக்கில் இறங்கியபோது நல்ல வெயில். நிழலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், பானட்டின் பக்கம் பெண்கள், டிக்கியின் பக்கம் ஆண்கள் என்று அதற்குள் ஒரு வழக்கமும் ஏற்பட்டிருந்தது, முதலில் வருகிறவர் நடுவில் உட்கார வேண்டும், பஸ் ஏறப் போகிறவர் ஓரத்துக்கு நகர வேண்டும். சாந்தாமணி போய்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டார். சென்னியப்பன் வழக்கம்போலச் சற்றுத் தள்ளி வெயிலில் நின்றார்.

வெளியூரிலிருந்து அந்தக் கல்யாணத்துக்கே வந்திருந்த ஒரு பெண், அவரை யாரென்று அறியாதவள், தலையை நீட்டிப் பார்த்தாள்.

"ஏன்ணே அங்க நிக்கீங்க? வாங்க, இங்கன எடம் இருக்கு."

"இருக்கட்டும்மா."

"என்ன இருக்கட்டும்? மண்டை பிளக்குது. வாங்க."

அவர் சாந்தாமணியைப் பார்த்தார். சாந்தாமணி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார். சென்னியப்பன் செருப்பைக் கழற்றினார். நிழலின் விளிம்பைப் பார்த்தபடி ஒரு காலை எடுத்து வைத்தார். விளிம்பு விலகவில்லை. அங்கே மேலே கூரை ஒன்றும் இல்லை, வெறும் வானம்தான். இருந்தாலும் தாழ்ந்த வாசலுக்குள் நுழைகிறவரைப் போலத் தலையை நன்றாகக் குனிந்துகொண்டு அவர் உள்ளே போனார்.